ஸ்கிரிப்ட் கிடைக்கலை என்பவர்களுக்கு: புது நாடகங்களைத் தேடிய குறிப்புகள்

“நல்ல ஸ்கிரிப்ட் கிடைக்க மாட்டேங்குது சார்.” சிறு நாடகக் குழு நடத்துகிற யாரோடு பேசினாலும் இரண்டாவது டீக்குள் இந்த வாக்கியம் வந்துவிடும். அப்புறம் என்ன நடக்கும் என்பதும் தெரிந்ததுதான். மறுபடி ஒரு பிரெக்ட், மறுபடி ஒரு பாதல் சர்க்கார், அல்லது கிரீஷ் கார்னாட். அதுவும் வேண்டாம் என்றால் பிரபலமான ஒரு சிறுகதையை எடுத்து, நான்கு பேர் கறுப்புச் சட்டையில் நின்று ஆளுக்கு இரண்டு வரியாகச் சொல்லிவிட்டு வணக்கம் போடுவார்கள். இதில் எதுவும் கேவலமில்லை. பிரெக்டை இன்னும் நூறு வருஷம் போடலாம். ஆனால் இப்போது உயிரோடு இருக்கிற, எங்கோ உட்கார்ந்து அடுத்த நாடகத்தை எழுதிக்கொண்டிருக்கிற ஒருவரின் பிரதி நம் ஒத்திகை அறைகளுக்குள் வருவது ரொம்ப அபூர்வம். ஏன் என்று கேட்டால் அதே பதில்தான். கிடைக்கலை.

கிடைக்கிறது என்பது என் கட்சி. அதற்கு ஆதாரமாகச் சில நாடகங்களையும், அவற்றை எப்படித் தேடிப் பிடிப்பது என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் நாடகக்காரன் இல்லை. நடித்ததில்லை, இயக்கியதும் இல்லை. பிரதிகளைப் படிக்கிறவன், அவ்வளவுதான். லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் பறந்துபோய் டிக்கெட் வாங்கிப் பார்க்கிற வசதி நமக்கு ஏது? கீழே வருகிற நாடகங்களில் எதையும் நான் மேடையில் பார்த்ததில்லை. ஆகவே நடிப்பு, ஒளி, இசை பற்றியெல்லாம் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. தாளில் இருப்பதை வைத்துத்தான் பேச்சு.

இந்த ‘கிடைக்கலை’ நம்மூர்ச் சரக்கு மட்டும் இல்லை. அமெரிக்காவில் பெரிய நாடக அரங்குகளை நடத்துபவர்கள் ரொம்ப காலம் இன்னொன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்: பெண்கள் எழுதிய நாடகங்களைப் போட எங்களுக்கும் ஆசைதான், ஆனால் நல்லதாக வரவில்லையே. லாஸ் ஏஞ்சலஸில் சில பெண் நாடக ஆசிரியர்களும் தயாரிப்பாளர்களும் 2013-ல் ‘கில்ராய்ஸ்’ என்ற பெயரில் ஒன்று சேர்ந்தார்கள். அறிக்கை விடவில்லை, கையெழுத்து இயக்கம் நடத்தவில்லை. புதுப் பிரதிகளைத் தொழிலாகவே படிக்கிற இயக்குநர்கள், அரங்குகளில் பிரதி வாசிப்பவர்கள் போன்றோரிடம் கேட்டார்கள்: நீங்கள் சமீபத்தில் படித்ததில், இன்னும் மேடை காணாத அல்லது அதிகம் மேடையேறாத, பெண்கள் எழுதிய நல்ல நாடகங்கள் எவை? அதிகம் பேர் சொன்ன பெயர்களைத் தொகுத்து 2014-ல் முதல் பட்டியலை வெளியிட்டார்கள். வரவில்லையே என்று சொன்னவர்கள் அதற்குப் பிறகு வேறு காரணம் தேட வேண்டியதாயிற்று.

அடுத்த வருஷமே, 2015-ல், ‘நியூ ப்ளே எக்ஸ்சேஞ்ச்’ என்ற இணையக் கிடங்கு வந்தது. ‘நேஷனல் நியூ ப்ளே நெட்வொர்க்’ என்கிற அரங்குகளின் கூட்டமைப்பு நடத்துவது அது. எழுதியவர்கள் தாங்களே பிரதியை ஏற்றுவார்கள், படிக்கிறவர்கள் சிறு சந்தா கட்டிப் படிக்கலாம், படித்ததைப் பரிந்துரைக்கலாம். இரண்டு பெண், ஒரு ஆண், எண்பது நிமிஷம் என்று தேடினால்கூட வரும். அதில் குப்பையும் நிறையத்தான். இருந்தாலும் கதவு திறந்திருக்கிறது.

அதே கூட்டமைப்பு செய்கிற இன்னொரு காரியத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். எந்த அரங்குக்கும் ‘உலகில் முதல் முறையாக’ என்று போட்டுக்கொள்ள ஆசை. இரண்டாவதாகப் போடுவதில் பெருமை இல்லை. அதனால் எத்தனையோ நாடகங்கள் முதல் மேடையேற்றத்தோடு செத்துப்போகின்றன. இவர்கள் என்ன செய்தார்கள் என்றால், ஒரு நாடகத்தைக் குறைந்தது மூன்று அரங்குகள் பன்னிரண்டு மாதத்துக்குள் தனித்தனியாகத் தயாரிக்க ஒப்புக்கொண்டால், மூன்றையும் சேர்த்தே முதல் மேடையேற்றம் என்று அழைக்கலாம் என்றார்கள். பெருமை எல்லோருக்கும் பங்கு. ஆசிரியருக்கோ மூன்று விதமான நடிகர்கள், மூன்று ஊர்ப் பார்வையாளர்கள், நடுவில் பிரதியைத் திருத்த நேரம். இரண்டு காட்சியோடு நாடகத்தை மூட்டை கட்டுகிற நம் குழுக்கள், மதுரைக்கும் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் நடுவே இப்படி ஒரு ஏற்பாட்டைச் செய்து பார்க்கலாம். காசு அதிகம் ஆகாது. ஈகோ கொஞ்சம் செலவாகும்.

பரிசுப் பட்டியல்களை நான் அதிகம் நம்புவதில்லை. புலிட்சர் வாங்கிய நாடகம் என்றால் அது ஏற்கெனவே நாலு பேரால் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்று அர்த்தம். என் வழி வேறு, கொஞ்சம் மெதுவானது. அச்சான பிரதியின் முதல் இரண்டு மூன்று பக்கங்களை, வசனம் தொடங்குவதற்கு முன்னால் வருகிற பக்கங்களைப் படிப்பது.

லண்டனில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. புது நாடகம் அரங்கேறும்போதே பிரதியும் புத்தகமாக வந்துவிடும். அரங்கிலேயே விற்பார்கள். நிக் ஹெர்ன், மெத்துயன், ஃபேபர் போன்ற பதிப்பகங்கள் இதைச் செய்கின்றன. ஒத்திகை நடந்துகொண்டிருக்கும்போதே அச்சுக்குப் போவதால், மேடையில் நீங்கள் பார்ப்பது இதிலிருந்து கொஞ்சம் மாறியிருக்கலாம் என்று ஒரு குறிப்பும் இருக்கும். அந்த முன் பக்கங்களில் எந்த அரங்கு, எந்தத் தேதி, யார் இயக்கம், யார் யார் நடித்தார்கள், உரிமைக்கு யாருக்கு எழுத வேண்டும் எல்லாம் போட்டிருக்கும். பலரும் புரட்டித் தள்ளிவிட்டுப் போகிற பக்கம். எனக்கு அதுதான் வழிகாட்டிப் பலகை. ஒரு நாடகம் பிடித்திருந்தால் அதன் இயக்குநர் பெயரைப் பிடித்துக்கொண்டு போவேன். அவர் அடுத்து யாருடைய நாடகத்தைத் தொட்டார்? அந்த நடிகை வேறு எங்கே வருகிறார்?

இதற்கு நான் அடிக்கடி சொல்லும் உதாரணம் ‘ஃப்ரீ அவுட்கோயிங்’. எழுதியவர் அனுபமா சந்திரசேகர், நம் சென்னைக்காரர், பத்திரிகையாளராக இருந்தவர். லண்டன் ராயல் கோர்ட் அரங்கின் மாடியில் இருக்கும் சின்ன மேடையில் 2007-ல் அரங்கேறி, அடுத்த வருஷம் கீழே பெரிய மேடைக்கு இறங்கியது. இயக்கியவர் இந்து ரூபசிங்கம். ஷெஃபீல்டில் பிறந்தவர், பெற்றோர் இலங்கைத் தமிழர். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் அனுபமாவின் மற்ற நாடகங்கள் வரிசையாக வரும்: சென்னை கால் சென்டரில் உட்கார்ந்து அமெரிக்கர்களிடம் கிரெடிட் கார்டு கடன் வசூலிப்பவர்களைப் பற்றிய ‘டிஸ்கனெக்ட்’ (2010), இப்சனின் ‘கோஸ்ட்ஸ்’ நிழல் விழுந்த ‘வென் த க்ரோஸ் விசிட்’ (2019), கோட்சேயே கதை சொல்லியாக வருகிற ‘த ஃபாதர் அண்ட் தி அசாசின்’ (2022, நேஷனல் தியேட்டர்). இப்போது ரூபசிங்கம் அந்த நேஷனல் தியேட்டருக்கே தலைமை இயக்குநர்.

நடிகர் பட்டியலிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அம்மாவாக நடித்த லொலீட்டா சக்ரபர்த்தி பின்னால் தானே எழுத ஆரம்பித்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டனில் ஒதெல்லோவாக நடித்த கறுப்பின நடிகர் ஐரா ஆல்ட்ரிஜ் பற்றிய ‘ரெட் வெல்வெட்’ (2012) அவருடையது. அதை இயக்கியதும் ரூபசிங்கம்தான். அதே சக்ரபர்த்திதான் ‘லைஃப் ஆஃப் பை’ நாவலை 2019-ல் மேடைக்கு எழுதினார். சென்னை ஃப்ளாட்டில் தொடங்கின நூல் புதுச்சேரிப் பையனிடம் வந்து முடிகிறது பாருங்கள். ஒரே ஒரு பக்கத்திலிருந்து இத்தனை.

சரி, ‘ஃப்ரீ அவுட்கோயிங்’ என்ன நாடகம்? மாலினி, கணவனை இழந்தவள், கணக்கெழுதும் வேலை, சென்னையில் ஒரு ஃப்ளாட், இரண்டு பிள்ளைகள். பெண் தீபாவுக்கு 15 வயது. நன்றாகப் படிக்கிறவள், அம்மாவின் பெருமை. பள்ளிக்கூடத்தில் அவளும் ஒரு பையனும் சேர்ந்திருந்ததைப் பையன் கைபேசியில் படம் எடுக்கிறான், அது ஒரு கைபேசியிலிருந்து இன்னொன்றுக்குப் போய் ஊர் முழுக்கப் பரவுகிறது. பள்ளி, அக்கம்பக்கம், கடைசியில் டிவி கேமராக்கள் என்று வாசலில் கூட்டம் பெருகப் பெருக ஃப்ளாட் சுருங்கிக்கொண்டே போகிறது. 2007-ல் எழுதப்பட்டது என்பதை நினைவில் வையுங்கள். வாட்ஸப் இன்னும் பிறக்கவில்லை. தலைப்பே அந்தக் காலத்துக் கைபேசித் திட்டத்தின் பெயர். இன்கமிங்குக்கும் காசு பிடுங்கிய காலத்தைத் தாண்டி வந்தவர்களுக்கு அந்த ‘ஃப்ரீ’ எவ்வளவு பெரிய வார்த்தை என்று தெரியும்.

நாடகத்தின் பலம் ஒரு தீர்மானத்தில் இருக்கிறது. தீபா மேடைக்கு வருவதே இல்லை. அவளைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். தம் மானம், பள்ளியின் பெயர், தெருவின் நிம்மதி, செய்தியின் விலை என்று ஆளுக்கொரு கணக்கு. பேசப்படுகிற பெண் உள்ளே, மூடின அறையில். ஊரே அவளைப் பார்த்துவிட்டது, அரங்கில் உட்கார்ந்திருக்கிற நாம் மட்டும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்ற ஆவல் நமக்கும் வருகிறதல்லவா? அந்த ஆவலுக்கும் அந்த வீடியோவைத் தேடியவர்களின் ஆவலுக்கும் எவ்வளவு தூரம் என்று நாடகம் கேட்கவில்லை. நாமே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. டிவி விவாதமாகவோ சினிமாவாகவோ இதை எடுத்திருந்தால் முதல் ரீலிலேயே பெண்ணின் அழுகிற முகத்தை க்ளோசப்பில் காட்டியிருப்பார்கள். மேடையில் மட்டும்தான் இல்லாத ஆளை வைத்து இரண்டு மணி நேரம் ஓட்ட முடியும்.

குறை என்று பார்த்தால், சுற்றி இருப்பவர்களில் சிலர் ஒரே ஒரு வேலைக்காக வருகிறார்கள்: கண்டிக்கிற தலைமையாசிரியை, விரட்டுகிற பக்கத்து வீட்டுக்காரர். லண்டன் பார்வையாளருக்கு இந்திய நடுத்தர வர்க்கத்தைச் சட்டென்று புரியவைக்கிற அவசரம் இவர்கள் வசனத்தில் தெரிகிறது. மாலினியின் அலுவலகத்து ரமேஷ் அப்படி இல்லை. உதவி செய்கிறான், அந்த உதவிக்குள் தனக்கான ஒரு எதிர்பார்ப்பையும் மடித்து வைத்திருக்கிறான். நல்லவனா கெட்டவனா என்று சொல்ல முடியாத ஆள். எழுதக் கஷ்டமான ஆள்.

இந்த நாடகத்தைத் தமிழில் போட வேண்டும் என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். பாதிப் பேருக்கு ஆசிரியர் பெயரே புதிதாக இருக்கிறது. இன்னொரு பாதிப் பேர் “இங்கிலீஷ் டிராமாதானே, மொழிபெயர்த்தா முடிஞ்சது” என்கிறார்கள். முடியாது. அங்கேதான் வேலையே ஆரம்பம்.

இந்தக் குடும்பம் வீட்டில் தமிழ்தான் பேசும். மேடையில் ஆங்கிலம் தமிழ் வேஷம் கட்டியிருக்கிறது. அந்த வேஷத்தில் சில விஷயங்கள் மறைந்துகொள்ள முடிகிறது. ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே ஒரு சொல். ரமேஷ் மாலினியை “மேடம்” என்பானா, “மாலினி, நீங்க” என்பானா? எந்தக் காட்சியில் அந்த “நீங்க” வழுக்கி “நீ” ஆகும்? பக்கத்து ஃப்ளாட்காரர் நேற்றுவரை “என்னங்க, தண்ணி லாரி வந்துடுச்சா” என்று கேட்டவர், இன்று “உன் பொண்ணை” என்று ஆரம்பித்தால், அந்த ஒரு எழுத்திலேயே குடும்பம் தெருவுக்கு வந்துவிட்டது. ஆங்கிலப் பிரதி இரண்டு பக்கம் எழுதித்தான் அதைக் காட்ட முடியும். இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் மாலினி சாதி தெரியாமல் பேசலாம். தமிழில் முதல் வாக்கியத்திலேயே, தண்ணீர் கேட்கிற விதத்திலேயே, வீடு எந்த வீடு என்று பார்வையாளர் கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடித்த பிறகு அந்தப் பையன் எந்த வீடு என்ற கேள்வி தானாக எழும். லண்டன் மேடையில் ‘மானம்’ என்று பொதுவாக நின்றது இங்கே வந்தால் பெயர் சொல்லிக் கூப்பிடப்படும். மொழிபெயர்ப்பாளர் இதைத் தீர்மானித்தே ஆக வேண்டும், நழுவ முடியாது. ஒரு சென்னை நாடகம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு லண்டனில் ஓடியதில் எனக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் அது தமிழுக்கு வருமானால் இன்னும் ஆபத்தான நாடகமாக வரும் என்று நினைக்கிறேன்.

இங்கே ஒரு இடைக்குறிப்பு. பிரதி படித்துப் பழகாதவர்களுக்கு வருகிற முதல் சோர்வு, “என்ன சார், வெறும் பேச்சா இருக்கு” என்பது. சத்தமாகப் படியுங்கள். இன்னொருவர் கிடைத்தால் பாத்திரங்களைப் பிரித்துக்கொண்டு படியுங்கள். நடுவில் சாய்கோடு ஒன்று வந்தால் அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம். கேரில் சர்ச்சில் எண்பதுகளில் பரவலாக்கிய குறி அது. அந்த இடத்தில் எதிராளி பேச ஆரம்பித்துவிடுகிறார், முதல் ஆளும் நிறுத்தவில்லை என்று பொருள். ‘டாப் கேர்ள்ஸ்’ (1982) முதல் காட்சியில் ஆறு பேர் சாப்பாட்டு மேஜையில் இப்படி ஒருவர்மேல் ஒருவர் ஏறிப் பேசுவார்கள். தமிழ் நாடகப் பிரதிகளில் இப்படி ஒரு குறியைப் பார்த்த நினைவில்லை. அடுத்தவர் பேசி முடிக்கும்வரை பொறுத்திருக்கிற வீடு நம் ஊரில் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

பேச்சு நெரிசலுக்கு நேர் எதிர் முனையில் ஆனி பேக்கரின் ‘த ஃப்ளிக்’. நியூயார்க் ‘ப்ளேரைட்ஸ் ஹொரைசன்ஸ்’ அரங்கில் 2013-ல் வந்தது, 2014-ல் புலிட்சர் பெற்றது. (பரிசுப் பட்டியலை நம்புவதில்லை என்றேன், விதிவிலக்கு.) மாசசூசெட்ஸில் ஒரு பழைய ஒற்றைத்திரை சினிமாக் கொட்டகை. மேடையில் இருப்பது அதன் காலி இருக்கைகள். அதாவது, நாம் உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான் திரை. படம் முடிந்ததும் இரண்டு பேர் துடைப்பத்தோடு வந்து பாப்கார்ன் கூட்டுகிறார்கள். ஒருவன் முப்பத்தைந்தை நெருங்கும் சாம். இன்னொருவன் இருபது வயது ஏவரி, கறுப்பின இளைஞன், சினிமாப் பைத்தியம். மேலே புரொஜெக்டர் அறையில் ரோஸ். மூன்று மணி நேரம். அதில் கணிசமான பகுதி மௌனம். எங்கே சும்மா இருக்க வேண்டும், எவ்வளவு நேரம் சும்மா இருக்க வேண்டும் என்பதைப் பேக்கர் வசனத்தைப் போலவே எழுதுகிறார். முதல் முறை போட்டபோது சந்தாதாரர்கள் பலர் எழுந்து போனார்கள், புகார் எழுதினார்கள். அரங்கின் தலைவர் டிம் சான்ஃபோர்ட் நாடகத்தை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று விளக்கி அவர்களுக்கெல்லாம் மின்னஞ்சல் அனுப்ப வேண்டிவந்தது.

படிக்கும்போது இது சலிப்பதில்லை என்பதுதான் வேடிக்கை. கூட்டுகிறார்கள், நிற்கிறார்கள், நடிகர் பெயர்களைச் சங்கிலியாகக் கோக்கும் விளையாட்டு ஆடுகிறார்கள். நடுவில் மெதுவாக ஒரு விஷயம் தெரியவருகிறது: டிக்கெட் காசில் கொஞ்சம் இங்கிருப்பவர்கள் வழக்கமாகவே ஒதுக்கிக்கொள்வார்கள், புது ஆளான ஏவரியும் சேர்ந்தாக வேண்டும். பிறகு கொட்டகை கைமாறுகிறது, ஃபிலிம் புரொஜெக்டர் போய் டிஜிட்டல் வரப்போகிறது, திருட்டும் வெளியாகிறது. பழி யார் தலையில் விழும்? மூன்று பேரில் யார் கறுப்பினத்தவன் என்பதை நாம் மறந்திருந்தால் அப்போது நினைவுக்கு வரும். கோஷமே இல்லாமல் இதைச் செய்கிறார் பேக்கர்.

நம்மூர்க் கொட்டகைகளிலும் இந்த மாற்றம் நடந்தது. சென்னையிலிருந்து கிளம்பிய க்யூப் பெட்டி வந்தது, ஃபிலிம் பெட்டி தூக்கியவர்களும் கார்பன் குச்சி மாற்றிய ஆபரேட்டர்களும் சத்தமில்லாமல் வீட்டுக்குப் போனார்கள். சினிமாவைப் பற்றி இவ்வளவு எழுதுகிற தமிழில் அவர்களைப் பற்றி ஒரு நாடகம் எழுதப்பட்டதாக எனக்குத் தெரியாது. ‘த ஃப்ளிக்’கைத் தமிழில் போடச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. நிமிஷத்துக்கு ஒரு ஜோக் என்று பழகின சபா பார்வையாளர் இரண்டு நிமிஷ மௌனத்தில் கைபேசியை எடுத்துவிடுவார். ஆனால் எழுத நினைப்பவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். வேலை செய்கிற மனிதர்களை, வேலை செய்துகொண்டே இருக்கும்போது எப்படி எழுதுவது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் சமீபத்தில் வரவில்லை.

உடனே போடக்கூடியது எது என்று கேட்டால், லூசி கிர்க்வுட் எழுதிய ‘த சில்ட்ரன்’ (ராயல் கோர்ட், 2016). மூன்றே பேர், ஒரே சமையலறை, இடைவேளை இல்லை. மூன்று பேருமே அறுபதைத் தாண்டியவர்கள், ஓய்வுபெற்ற அணு விஞ்ஞானிகள். இங்கிலாந்தின் கிழக்குக் கடற்கரையில் அவர்கள் வேலை பார்த்த அணுமின் நிலையம் கடல் பொங்கி விபத்துக்குள்ளாகியிருக்கிறது. ஹேசலும் ராபினும் கணவன் மனைவி, அபாய எல்லைக்குக் கொஞ்சம் வெளியே ஒரு குடிலில் மின்சாரத்தை அளந்து செலவழித்து வாழ்கிறார்கள். பல வருஷம் கழித்துப் பழைய சகா ரோஸ் வருகிறாள். ஏன் வந்தாள் என்பது பாதி நாடகம் வரை தெரியாது. சொல்லிவிடுகிறேன், தெரிந்தாலும் சுவை கெடாது: நிலையத்தைச் சுத்தப்படுத்திக்கொண்டிருக்கும் இளைஞர்களை வெளியே அனுப்பிவிட்டு, அதைக் கட்டிய நாம் உள்ளே போவோம், நமக்கு மிச்சம் இருப்பது கொஞ்ச காலம்தானே என்று கேட்க வந்திருக்கிறாள். 2011-ல் ஃபுகுஷிமாவுக்குப் பிறகு ஜப்பானில் ஓய்வுபெற்ற பொறியாளர்கள் நிஜமாகவே இப்படி முன்வந்தார்கள்.

ஹேசல் யோகா செய்கிறவள், சாலட் சாப்பிடுகிறவள், இன்னும் முப்பது வருஷம் வாழத் திட்டம் போட்டிருப்பவள், பிள்ளைகள் பெற்றவள். போகமாட்டேன் என்று சொல்ல அவளுக்கு உரிமை உண்டா? நாடகம் ரோஸ் பக்கம் சாய்வதுபோல் இருக்கும், படிக்கிற நான் ஒவ்வொரு முறையும் ஹேசல் பக்கம் சாய்கிறேன். ஒரு குறை: ராபினுக்கும் ரோஸுக்கும் இருந்த பழைய உறவுக்குக் கிர்க்வுட் தேவைக்கு மேல் இடம் கொடுத்துவிட்டார். கேள்வி பெரிதாக இருக்கும்போது முக்கோணக் காதல் எதற்கு? இருந்தாலும் கல்பாக்கமும் கூடங்குளமும் இருக்கிற கடற்கரைக்காரர்கள் நாம். 2004 டிசம்பர் 26 அன்று கல்பாக்கத்தில் கடல் பம்ப் அறைக்குள் புகுந்து, ஓடிக்கொண்டிருந்த உலையை நிறுத்த வேண்டிவந்தது. இந்தச் சமையலறையை இங்கே நகர்த்துவது கஷ்டமே இல்லை. அதோடு, எல்லாக் குழுக்களிலும் நல்ல மூத்த நடிகர்கள் ‘தாத்தா வேஷம்’ கட்டியே ஓய்ந்துபோகிறார்கள். அவர்களுக்கு முழு நாடகமும் கொடுக்கிற பிரதி இது.

தமிழர்களைப் பற்றியது என்பதால் ‘கவுன்டிங் அண்ட் கிராக்கிங்’கை எல்லோரும் எனக்கு அனுப்புகிறார்கள். சிட்னியில் வாழும் எஸ். சக்திதரன் எழுதியது, 2019-ல் பெல்வாய்ர் அரங்கு அதைச் சிட்னி டவுன் ஹாலில் போட்டது, பிறகு 2022-ல் எடின்பரோ, 2024-ல் நியூயார்க். கொழும்பிலிருந்து சிட்னி வரை ஒரு குடும்பத்தின் நான்கு தலைமுறை, மூன்றரை மணி நேரம், பதினாறு நடிகர்கள். 1983 கலவரத்தில் செத்துப்போனதாக நம்பின கணவன் உயிரோடிருக்கிறான் என்று இருபது வருஷம் கழித்து ராதாவுக்கு ஃபோன் வருகிறது. அந்த இடம் உலுக்கிவிடும். தமிழிலோ சிங்களத்திலோ ஒருவர் பேச, மேடையிலேயே இன்னொருவர் ஆங்கிலத்தில் சொல்லிவிடுகிற உத்தி அழகானது. பல மொழிக் குடும்பங்களில் பிள்ளைகள் பாட்டிக்காகச் செய்கிற வேலைதானே அது. ஆனால் ஆஸ்திரேலியர்களுக்கு இலங்கை வரலாற்றைச் சொல்லிக்கொடுக்கிற பகுதிகளில், அந்த வரலாற்றோடே வளர்ந்த வாசகர் பொறுமை இழப்பார். குடும்பத்துக்காகப் படியுங்கள், பாடத்துக்காக வேண்டாம். நம் குழுக்களால் போட முடியாது. பதினாறு பேரை ஒரே நாளில் ஒத்திகைக்கு வரவழைக்க முடிந்தவர் அரசியலுக்கே போகலாம்.

நடைமுறை விஷயம் ஒன்று. படிப்பதற்கு யாரையும் கேட்க வேண்டாம். மேடையேற்றவும் மொழிபெயர்க்கவும் அனுமதி வேண்டும். பலர் இங்கேதான் பயந்து பின்வாங்குகிறார்கள், அல்லது பெயரை மாற்றிச் சுட்டுவிடுகிறார்கள். எழுதியவர் உயிரோடு இருக்கிறார் என்றால் இன்னொரு அர்த்தமும் உண்டு: அவருக்குக் கடிதம் எழுதலாம். உரிமைப் பக்கத்தில் முகவரின் விலாசம் இருக்கிறது. எத்தனை காட்சி, எத்தனை இருக்கை, டிக்கெட் உண்டா இல்லையா என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். சிறு குழு, தமிழ் மொழிபெயர்ப்பு என்று கேட்டால் தொகையைப் பேசிக் குறைக்க வழி இருக்கிறது. கேட்காதவருக்குத்தான் வழி இல்லை.

கடைசியாக, நான் படிக்கச் சொல்லப் போவதில்லை என்கிற ஒரு நாடகம். ஈரானின் நசீம் சுலைமான்பூர் கட்டாய ராணுவ சேவைக்குப் போக மறுத்ததால் பாஸ்போர்ட் கிடைக்காமல் ஊரிலேயே அடைபட்டிருந்தபோது எழுதிய ‘வைட் ராபிட் ரெட் ராபிட்’. தான் போக முடியாததால் நாடகத்தைத் தனியாக அனுப்பினார். இயக்குநர் கிடையாது, ஒத்திகை கிடையாது, அரங்க அமைப்பு கிடையாது. ஒவ்வொரு இரவும் ஒரு புது நடிகர். அதற்கு முன் பிரதியைப் பார்த்திராத அவர் கையில், மேடையில் வைத்து, பார்வையாளர் முன்னிலையில் மூடின உறையைக் கொடுப்பார்கள். பிரித்து, படித்து, அப்படியே நடிக்க வேண்டும். 2011-ல் எடின்பரோவிலும் டொரன்டோவிலும் தொடங்கி எத்தனையோ மொழிகளுக்குப் போனது. ஆசிரியரே 2013-ல்தான் வெளிநாடு போய்த் தன் நாடகத்தைப் பார்த்தார். ஒருமுறை நடித்தவர் மறுபடி நடிக்க முடியாது. முன்கூட்டிப் படித்துவிட்டால் நடிக்கிற வாய்ப்பே போய்விடும். உங்களில் யாராவது ஒருநாள் அந்த உறையைப் பிரிக்கலாம். அதனால் கதையைச் சொல்லாமல் விடுகிறேன்.